பழைய ஆல்பம், புதிய கலவை: எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்

பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பத்தில் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்றொரு பாடல் இருக்கிறது. அதன் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) வடிவத்தையும் அதே ஆண்டு வந்த ஸ்டீரியோ (இடம், வலம் என இரு தடத்தில்) வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்பவர் முதல் வரியிலேயே தடுமாறுவார். மோனோவில் பாட்டு ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே நிற்கிறது, நடையும் அதற்கேற்பச் சற்று விரைவு. ஸ்டீரியோவில் டேப் மெதுவாக ஓடுவதால் அதே குரல்கள் கனத்து, சோகம் கூடியதுபோல ஒலிக்கின்றன. பாடியவர்களும் வாசித்தவர்களும் அவர்களேதான், பதிவும் அதேதான். 2017இல் இந்த ஆல்பத்தை மறுபடி கலவை செய்த ஜைல்ஸ் மார்ட்டின் மோனோவின் வேகத்தை எடுத்துக்கொண்டார். ‘மூலத்தில் கை வைக்கக் கூடாது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடல்தான் நினைவுக்கு வருகிறது. கை வைக்கக் கூடாத அந்த மூலமே சில சமயம் இரண்டாக இருக்கிறது.

தமிழில் ரீமிக்ஸ் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. பழைய பாட்டின் பல்லவியை எடுத்துப் புதிய தாளக்கட்டில் உட்கார வைத்து, நடுவே நாலு வரி ராப் சேர்த்துத் தருவதையே நாம் பெரும்பாலும் அந்தச் சொல்லால் குறிக்கிறோம். இங்கே பேசப்படுவது வேறு. ஸ்டுடியோவில் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனி ட்ராக்காக மல்டிட்ராக் டேப்பில் பதிவாகிறது. அவற்றில் எது எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எதற்கு எவ்வளவு ரிவெர்ப் (அறை எதிரொலிப்பு) என்று முடிவுசெய்து இரண்டு ட்ராக்குக்குள் அடக்குவதே கலவை. அந்த முடிந்த கலவையை எடுத்து அதன் மொத்தத் தொனியையும் சத்தத்தையும் மட்டும் சீர்செய்தால் அது ரீமாஸ்டர். மல்டிட்ராக் டேப்புக்கே திரும்பிப்போய் எல்லா முடிவுகளையும் மறுபடி எடுத்தால் அதுதான் இந்தக் கட்டுரையின் பொருளான புதுக்கலவை. விற்பனை விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றுபோலப் பேசுவதால் வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்றே தெரியாமல் வாங்குகிறார்.

ஒரு புகழ்பெற்ற ஆல்பத்தின் உரிமை கையில் இருப்பவர் பழைய கலவையைத் தொடாமல் துலக்கி மட்டும் வெளியிடலாம். மல்டிட்ராக்கிலிருந்து புதுக்கலவை செய்யலாம். ட்ராக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் மென்பொருளால் பிரித்தெடுத்துக் கலக்கலாம். டால்பி அட்மாஸ் போன்ற சூழொலிக்கு விரிக்கலாம். இன்னும் துணிந்தால் சில கருவிகளைப் புதிதாக வாசித்தே சேர்த்துவிடலாம். எதைத் தேர்வது என்பது குறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி. குறை டேப்பின் தேய்மானத்தில் இருக்கலாம், கலவையில் இருக்கலாம், அல்லது இன்றைய காதின் பழக்கத்தில் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு மருந்து தேடப் போய்ப் பழுதில்லாத கலவையைக் கெடுத்த கதைகள் நிறைய உண்டு.

பழையதை அப்படியே விடுவதற்கான வாதம் வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்கத்தக்கதன்று. 1970களின் நடுப்பகுதி வரைக்கும் ஃபேடர்களின் (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுபிடிகளின்) அசைவை நினைவில் வைத்துக்கொண்டு தானே இயக்கும் வசதி பெரும்பாலான ஸ்டுடியோக்களில் கிடையாது. இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் கித்தார் மேலெழ வேண்டுமென்றால் அந்த நொடியில் ஒரு விரல் அதைத் தள்ளியாக வேண்டும். கோரஸ் தொடங்கும் இடத்தில் இன்னொரு விரல் எக்கோவைத் திறக்க வேண்டும். சிக்கலான பாடல் என்றால் இரண்டு மூன்று பேர் ஒரே மேசைமுன் தோள் உரசி நின்று ஆளுக்குச் சில ஃபேடர்களை ஏற்றி இறக்குவார்கள். யாருடைய கை தவறினாலும் பாட்டை முதலிலிருந்து ஓடவிட வேண்டும். ஆக, கலவையும் ஒரு வாசிப்புதான். பாடகரின் மூச்சு எப்படி அந்த நாளுக்கு உரியதோ அப்படியே அந்த விரல்களின் அசைவும் அந்த நாளுக்கு உரியது. இன்றைய கணினித் திரையில் அதை நகலெடுக்க முயலலாம். பெரும்பாலும் தோராயமாகத்தான் வரும்.

பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இதற்கு நல்ல சாட்சி. 1966 மே மாதம் வந்த அந்த ஆல்பத்தைப் பிரையன் வில்சன் மோனோவாகவே நினைத்து மோனோவாகவே முடித்தார்; அவருக்கு வலக்காது ஏறக்குறையக் கேட்காது. அக்கார்டியனும் பியானோவும் ஆர்கனும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாத புதிய ஒரு கருவியாக மாறுவதுதான் அதன் அழகு. மார்க் லினெட் வில்சனின் மேற்பார்வையில் செய்து 1997இல் வெளிவந்த ஸ்டீரியோ கலவையில் அந்தக் கருவிகள் விலகி நின்று தத்தம் முகத்தைக் காட்டுகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புதிய கருவி கலைந்துவிட்டது. இன்னொரு சங்கதியும் உண்டு. ‘வுடன்ட் இட் பீ நைஸ்’ பாடலின் நடுப்பகுதியை மூலத்தில் பாடியவர் மைக் லவ். அவருடைய அந்தக் குரல் மல்டிட்ராக்கில் கிடைக்காததால் 1997 கலவையில் அந்த இடத்தைப் பிரையன் வில்சனின் குரல் நிரப்புகிறது. மல்டிட்ராக் டேப்பில் எல்லாமே இருக்கும் என்ற நம்பிக்கையோடு வேலையைத் தொடங்குபவர்கள் இந்த ஒரு பாடலைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ரீமாஸ்டர் மட்டும் போதும் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள், ரீமாஸ்டர் என்ற பெயரில் நடந்த வேலையில் பெரும்பகுதி கம்ப்ரஷனும் லிமிட்டிங்கும் போட்டு, அதாவது உரத்த இடங்களை அமுக்கி, மொத்தச் சத்தத்தை ஏற்றுவதாகவே இருந்தது. மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் பாட்டு சிறிது நேரத்திலேயே காதைக் களைப்பாக்கிவிடும். கலவையைத் தொடாமலேயே ஒரு ஆல்பத்தைக் கெடுக்க முடியும் என்பதற்கு அந்தக் காலத்துக் குறுந்தகடுகள் போதும். இன்று ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால் அந்தப் போட்டிக்கு இப்போது பொருளில்லை; பழக்கம் மட்டும் முற்றிலும் விட்டுப்போகவில்லை.

புதுக்கலவைக்கான வலுவான வாதம் தொழில்நுட்ப வரம்பிலிருந்து பிறக்கிறது. சார்ஜன்ட் பெப்பர்ஸ் நான்கு ட்ராக் கருவியில் பதிவானது. நான்கும் நிறைந்தவுடன் அவற்றை இன்னொரு டேப்பின் ஓரிரு ட்ராக்குகளுக்குச் சுருக்கிப் படியெடுத்து, மிச்சமுள்ள ட்ராக்குகளில் மேலும் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் டேப் இரைச்சல் கூடும், மேல்சுருதிகளின் பளபளப்புக் குறையும். கடைசியில் நாம் கேட்கும் டிரம்ஸ் இரண்டு மூன்று தலைமுறை தள்ளிப்போன நகலாகவும் இருக்கலாம். நல்லவேளையாக அந்த முதல் டேப்புகள் தூக்கி எறியப்படவில்லை. 2017 குழுவினர் அவற்றைத் தேடியெடுத்து, கணினியில் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் பொருத்தி, படியெடுப்பதற்கு முந்தைய ஒலியிலிருந்தே கலந்தார்கள். 1967இல் யாருக்கும் கிடைக்காத வசதி அது. மேலும், அப்போது குழுவினர் உட்கார்ந்து கேட்டு முடிவுசெய்தது மோனோ கலவையை. ஸ்டீரியோ அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடிக்கப்பட்டது. எனவே அந்த ஸ்டீரியோவை மாற்றுவது கலைஞர்களின் முடிவைத் தள்ளிவிடுவதாகாது. அவர்கள் முடிவு மோனோவில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் காலத்து ஸ்டீரியோவின் சங்கடம் ஹெட்ஃபோனில்தான் நன்றாகத் தெரியும். 1965இல் வந்த பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தின் ஸ்டீரியோ வடிவத்தில் பல பாடல்களில் குரல்கள் முழுவதும் வலப்பக்கம், வாத்தியங்கள் இடப்பக்கம். வலக்காதுக் கருவியைக் கழற்றினால் பாடகர் காணாமல் போய்விடுவார்; பின்னணி வாத்தியம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரில் அறைக்காற்று இரு பக்கத்தையும் கலந்துவிடுவதால் அன்றைக்கு இது பெரிதாக உறுத்தியிருக்காது. ஹெட்ஃபோன் மாட்டியே பாட்டுக் கேட்பவருக்கு அது மண்டையைப் பிளப்பதுபோல இருக்கும். இது காதின் பழக்கம் மாறியதால் வந்த குறை என்று தோன்றலாம். ஆனால் இதன் வேர் ட்ராக் பற்றாக்குறையில் இருக்கிறது. இத்தகைய இடத்தில் புதுக்கலவை நியாயமானது என்பேன்.

குறை கலவையிலேயே இருந்தது என்று ஆக்கியவர்களே ஒப்புக்கொண்ட ஆல்பங்களில் தயக்கத்துக்கு இடமே இல்லை. ரஷ் குழுவின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ 2002இல் வந்தபோது அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட சத்தத்தால் ஒலி கிழிந்து போயிருந்தது. குழுவினருக்கே அதில் நிறைவில்லை. டேவிட் பாட்ரில் செய்த புதுக்கலவை 2013இல் வெளியானது. ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் ‘டிம்’ 1985இல் வந்தது முதல் அதன் மெலிந்த, தொலைவில் ஒலிக்கும் கலவை குறித்து ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023இல் எட் ஸ்டேசியம் செய்த கலவையில் டிரம்ஸுக்கு உடம்பு வந்தது. பாட்டு ஒன்றும் மாறவில்லை. முன்பு கதவுக்கு வெளியே நின்று கேட்டோம், இப்போது அறைக்குள் நிற்கிறோம்.

இவற்றோடு ஆர்.இ.எம். குழுவின் ‘மான்ஸ்டர்’ ஆல்பத்தைச் சேர்த்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். 1994இல் அதைத் தயாரித்த ஸ்காட் லிட்டே 2019இல் மறுபடி கலவை செய்து, கித்தார் இரைச்சலுக்குள் புதைந்திருந்த குரலை முன்னால் கொண்டுவந்தார். வரிகள் தெளிவாகக் கேட்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தப் புதைப்பு வரம்பினாலோ அவசரத்தினாலோ நேர்ந்ததன்று. அந்த ஆல்பம் எடுத்துக்கொண்ட வேடமே அது. வேடத்தைக் கலைத்துப் பார்க்க ஆசைப்படலாம், பார்த்தும் மகிழலாம், நாடகம் அதுவல்ல.

புதுக்கலவையின் பெரிய ஆபத்து, ‘நவீனம்’ என்பதற்கும் ஒரு தேதி உண்டு என்பதே. 1987இல் ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ ஆகிய இரண்டையும் குறுந்தகட்டுக்காக பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே மறுபடி கலந்தபோது, அன்றைய புதுமையான டிஜிட்டல் ரிவெர்ப் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. அதே ஆண்டு ஜீஜீ டாப் குழுவின் 1970களின் ஆல்பங்கள் பெட்டித் தொகுப்பாக வந்தன. அவற்றில் டிரம்ஸுக்கு 1980களின் பளீர் ஒலி பூசப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் குறுந்தகட்டில் அந்த வடிவமே கிடைத்தது. பிறகு அவையே மூலக்கலவைக்குத் திரும்பின. இன்று கேட்டால் 1973ஆம் ஆண்டுப் பதிவு அந்தக் காலத்து ஒலியாகவே நிற்கிறது, 1987இல் பூசிய பூச்சுதான் பழசாகிவிட்டது. இன்றைய புதுக்கலவைகளில் டிரம்ஸும் பேஸும் மார்பில் இடிப்பதுபோல முன்னால் வருவது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. இருபது ஆண்டு கழித்து அது 2020களின் முத்திரையாகத் தெரியாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

மென்பொருள் பிரிப்பு இந்த விவாதத்துக்குப் புதிதாக வந்த விருந்தாளி. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘டாக்ஸ்மேன்’ பதிவில் டிரம்ஸ், பேஸ், கித்தார் மூன்றும் ஒரே ட்ராக்கில் ஒட்டியிருந்தன. மல்டிட்ராக் கையில் இருந்தும் அவற்றைத் தனித்தனியே நகர்த்த வழியில்லை. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழுவினர் பீட்டில்ஸ் பற்றிய ஆவணப்படத்துக்காக உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருள், எது டிரம்ஸின் ஒலி, எது கித்தாரின் ஒலி என்று கற்றுக்கொண்டு அந்த ஒரே ட்ராக்கை மூன்றாகப் பிரித்தது. 2022இல் வெளியான புதுக்கலவை அதன் பயன். இது சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய முறையில் பொறியாளர் டேப்பில் உள்ளதை எடுத்தார். இதிலோ மென்பொருள் தன் ஊகத்தையும் தருகிறது. பிரித்த ட்ராக்கைத் தனியாகக் கேட்டால் சிம்பலின் வால் நீரில் அமிழ்ந்ததுபோல நடுங்குவதைச் சில சமயம் கேட்கலாம். எல்லாவற்றையும் மறுபடி சேர்க்கும்போது அது மறைந்துவிடும். எனவே பிரித்ததைக் கொஞ்சமாக நகர்த்தும் வரை நம்பலாம், வெகுதூரம் நகர்த்தினால் பழுது வெளியே தெரியும் என்பது என் கணிப்பு. மல்டிட்ராக் கிடைக்கும் இடத்தில் இந்த வழியை முதலில் எடுப்பது சோம்பேறித்தனம்.

அட்மாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் அதைத் தொடங்கிய பிறகு பழைய ஆல்பங்கள் வரிசையாகச் சூழொலிக்கு மாறின. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ போன்றவற்றுக்கு அது பொருந்தும். 1973இல் ஆலன் பார்சன்ஸ் அதற்கு நான்கு ஸ்பீக்கர் கலவையும் செய்திருந்தார் என்பதால் சூழொலி அங்கே வேற்று விருந்தாளி அன்று. நான்கு பேர் ஒரே அறையில் நின்று வாசித்த ராக் பதிவுக்கு அது எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கித்தார் தலைக்குப் பின்னால் போவதால் பாட்டு நகர்வதில்லை. பெரும்பாலானோர் இதைக் கேட்பதும் ஹெட்ஃபோனில், இரண்டு காதுக்குள் அடக்கப்பட்ட வடிவத்தில்தான்.

புதிதாக வாசித்துச் சேர்ப்பதைப் பொறுத்தவரை என் முடிவு கறாரானது: பழைய பெயரில் அதை வெளியிடக் கூடாது. ஃபிராங்க் ஜப்பா தன் 1968ஆம் ஆண்டு ஆல்பமான ‘வீர் ஒன்லி இன் இட் ஃபார் தி மணி’யின் பேஸையும் டிரம்ஸையும் 1980களில் புதிய கலைஞர்களைக் கொண்டு மாற்றினார், 1995இல் மூலக்கலவை திரும்பி வந்தது. ஆசி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களின் 2002 பதிப்பில் மூல பேஸும் டிரம்ஸும் நீக்கப்பட்டு வேறு கலைஞர்களின் வாசிப்பு வந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள், 2011 பதிப்பில் பழைய வாசிப்பே திரும்பியது. இரண்டிலும் பல ஆண்டுகள் கடைக்குப் போனவருக்கு உண்மையான ஆல்பம் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பதுதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். நான் பணம் கட்டிக் கேட்கும் ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில், பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த பட்டியலில் ஒரு பாட்டு ஒரு நாள் வேறு மாதிரி ஒலித்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்மர் குச்சியைத் தட்டும் ஓசை மிகத் தாழ்வாக இருக்கும். அதற்காகவே அந்த இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்வேன். அன்று அது பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவதுபோலக் கேட்டது. பெயரும் அட்டைப்படமும் பழையவையே. உள்ளே மட்டும் புதுக்கலவை. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. சுவடியைப் பதிப்பிக்கிறவர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவார். தனக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைத்தாலும் மற்றதை அழிக்கமாட்டார். சொல்லாமல் திருத்தி அச்சிட்டு, பழைய ஏட்டைப் பெட்டியில் பூட்டிவிடுபவரைப் பதிப்பாசிரியர் என்று யாரும் அழைப்பதில்லை. ஸ்டீவன் வில்சன் 2009இல் கிங் கிரிம்சன் குழுவின் 1969ஆம் ஆண்டு ஆல்பத்தில் தொடங்கி ஜெத்ரோ டல், யெஸ் என்று பல குழுக்களின் ஆல்பங்களுக்குப் புதுக்கலவை செய்திருக்கிறார்; அவற்றின் தொகுப்புகள் பலவற்றில் மூலக்கலவையும் கூடவே வருகிறது. அவர் கலவையில் ஒரு முடிவு பிடிக்காமல் போனாலும் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அடுத்த தட்டில் பழையது காத்திருக்கிறது.

கலைஞரே விரும்பினால் மாற்றலாமே என்று கேட்பதுண்டு. இகி பாப்பும் ஸ்டூஜஸ் குழுவும் 1973இல் வெளியிட்ட ‘ரா பவர்’ ஆல்பத்தை டேவிட் போவி கலந்தார். 1997இல் இகி பாப் தானே மறுபடி கலந்து, ஒலி உடையும் வரை சத்தத்தை ஏற்றினார். பாடியவர் அவர், உரிமை அவருக்கு உண்டு. ஆனால் இருபத்து நான்கு ஆண்டு கழித்து மேசைமுன் உட்காருபவர் பழைய கலைஞரின் வாரிசைப் போன்றவர். அவர் சொல்லுக்கு எடை உண்டு, ஒரே சொல் அதுவாகிவிடாது. 2010இல் போவியின் கலவை மறுபடி கிடைக்கத் தொடங்கியதால் இன்று இரண்டையும் கேட்டுச் சண்டை போடலாம். அந்தச் சண்டை ஆரோக்கியமானது.

எது முதலில் என்று கேட்டால், கலவைக்கும் முன்னால் செய்ய வேண்டியது டேப்பைக் காப்பாற்றுவது. 1970, 80களின் டேப்புகளில் பலவற்றில் பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப்போகிறது. குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்திய பிறகே சில தடவை ஓட்ட முடியும். 2008 ஜூனில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் பற்றிய தீயில் மாஸ்டர் டேப்புகளும் எரிந்துபோயின. மல்டிட்ராக்கையும் மூலக்கலவையையும் உயர்தரத்தில் டிஜிட்டலாக்கிவிட்டால், புதுக்கலவை இந்த ஆண்டு வேண்டுமா, இன்னும் பத்தாண்டு பொறுக்கலாமா என்று நிதானமாக யோசிக்கலாம். அதற்குப் பிறகு, ட்ராக் பற்றாக்குறையால் கோணலான ஸ்டீரியோவுக்கும், சத்தத்தில் கிழிந்த பதிவுக்கும் புதுக்கலவை. கலவையே ஆல்பத்தின் முகமாக இருக்கும் இடத்தில் நல்ல ரீமாஸ்டர். ஆண்டும் கலந்தவர் பெயரும் ஒவ்வொரு வடிவத்தின் அட்டையிலும்.

கேட்பவர் தாமே ஒப்பிட விரும்பினால் ஒன்று செய்ய வேண்டும்: இரண்டு வடிவங்களின் சத்தத்தையும் முதலில் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். அப்படிச் சமப்படுத்திக் கேட்ட ஒரு மாலையில், எனக்கு முன்பு வியப்பூட்டிய புதுக்கலவைகளில் ஏறக்குறையப் பாதி சாதாரணமாகிப் போயின. ‘வேப்பர் டிரெயில்ஸ்’ மட்டும், சத்தத்தைக் குறைத்த பிறகும், பழைய வடிவத்துக்குக் கிடைக்காத மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.